காத்து அடிச்சா குண்டு எவ்வளவு நகரும்?

(இறுதியாண்டு, இயந்திரவியல் துறை)



மெரினா கடற்கரைக்குப் போன யாருக்கும் பலூன் சுடும் கடை தெரியாமல் இருக்காது. பலகையில் வரிசையாக பலூன்கள், எதிரே ஒரு பழைய ஏர்கன், இத்தனை குண்டுக்கு இவ்வளவு காசு. குறி தப்பியவுடன் நம்ம பசங்க சொல்லும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? "கடல் காத்துடா மச்சி, குண்டைத் தள்ளிருச்சு!"

பாவம், கடல் காற்று! கணக்குப் போட்டுப் பார்த்தால், நான்கு மீட்டர் தூரத்தில், முகத்தில் அடிக்கிற 5 மீ/வி கடல் காற்றுகூட அந்தக் குண்டை சுமார் 2 மி.மீ.தான் நகர்த்தும். பலூனோ ஒரு சாண் அகலம். ஆகவே அங்கே தப்பினால் காரணம் கடைக்காரரின் வளைந்த குறிமுனையாக இருக்கலாம், நம் கையாக இருக்கலாம், காற்றில் ஆடுகிற பலூனாகவும் இருக்கலாம். குண்டின் மேல் காற்றுக்குப் பங்கு இல்லை.

ஆனால் அதே மாதிரித் துப்பாக்கியை 50 மீட்டருக்குக் கொண்டுபோனால் கதையே வேறு. அங்கே, முகத்தில் படுவதுகூடத் தெரியாத இளங்காற்று ஒரு நல்ல வீரரைத் தோற்கடித்துவிடும். இது எப்படி என்று ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடத்தில் நாம் படித்ததை வைத்தே பார்க்கலாம். புதுச் சூத்திரம் எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் நம்மில் பலர் வைவாவில் தைரியமாகச் சொல்லும் ஒரு பதில் இதில் அடிபட்டுப் போகும்.

முதலில் ஆயுதத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏர் ரைஃபிள் என்றால் விளையாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். 1780 வாக்கில் ஆஸ்திரிய ராணுவமே ஜிரார்தோனி என்ற காற்றுத் துப்பாக்கியைப் பயன்படுத்தியது. இன்று ஒலிம்பிக்கில் இருப்பது 10 மீட்டர் ஏர் ரைஃபிள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் சேர்க்கப்பட்டது. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதில்தான். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதில்தான். அந்தப் பந்தயம் கூரைக்கு உள்ளே நடக்கிறது. ஏன் என்பது கீழே வரும் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

திறந்த வெளியில், மரம் செடி கொடிகளுக்கு நடுவே சுடும் பந்தயத்துக்கு ஃபீல்டு டார்கெட் என்று பெயர். இங்கிலாந்தில் பிறந்தது. இரும்புத் தகட்டில் வெட்டிய விலங்கு உருவம். அதில் ஒரு வட்டத் துளை. துளைக்குள் குண்டு போனால் உருவம் கவிழும், ஓரத்துத் தகட்டில் பட்டால் நிற்கும். நின்றால் பூஜ்யம். தூரம் ஏறக்குறைய 8 மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரை. கடைசித் தூரத்தில் துளையின் விட்டம் சுமார் 40 மி.மீ. துப்பாக்கியின் ஆற்றல் 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூலுக்கு மேல் போகக் கூடாது. இந்த 16 ஜூல் என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சக்தியைக் கூட்டி காற்றை ஜெயிக்க வழியில்லாமல் செய்வது அதுதான்.

இனி கணக்கு.

4.5 மி.மீ. விட்டமுள்ள ஈயக் குண்டு, எடை 0.547 கிராம். நடுவில் இடுப்பு ஒடுங்கி, பின்னால் பாவாடை போல விரிந்திருக்கும். டயபோலோ என்பார்கள். பேரலை விட்டு வெளியே வரும்போது வேகம் 240 மீ/வி. அரை எம் வி ஸ்கொயர் போட்டுப் பாருங்கள், 15.75 ஜூல் வரும். பந்தய வரம்புக்குள் இருக்கிறது.

இதன் மேல் காற்றின் இழுவை எவ்வளவு? அரை × அடர்த்தி × இழுவைக் குணகம் × பரப்பு × வேகத்தின் வர்க்கம். நம் பாடப் புத்தகச் சூத்திரமேதான். காற்றின் அடர்த்தி 1.2, இழுவைக் குணகம் 0.37 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மீட்டர் போகும்போதும் குண்டு தன் வேகத்தில் சுமார் 0.65 சதவீதத்தை இழக்கிறது. கூட்டு வட்டி தெரியுமல்லவா? அதைத் தலைகீழாக்கினால் இது. 25 மீட்டரில் வேகம் 204, 50 மீட்டரில் 173, 100 மீட்டரில் 125 மீ/வி. அதாவது நூறு மீட்டர் போவதற்குள் ஏறக்குறைய பாதி வேகம் காலி.

புறப்படும் நொடியில் இந்த இழுவை தரும் வேகக் குறைப்பு 374 மீ/வி². புவியீர்ப்பைப் போல 38 மடங்கு! அரை கிராம் ஈயத்தைப் பிடித்து இழுக்க, கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கு இவ்வளவு பலம்.

இப்போது பக்கவாட்டில் 3 மீ/வி காற்று வீசுகிறது. மரத்தில் இலை சலசலக்கும், முகத்தில் மெதுவாகப் படும். அவ்வளவு இளசான காற்றுதான். குண்டு 50 மீட்டர் போக எடுக்கும் நேரம் 0.246 நொடி. கேள்வி: குண்டு எவ்வளவு தூரம் பக்கவாட்டில் விலகும்?

நம் வகுப்பில் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சொல்வது: "காற்று 3 மீ/வி, நேரம் 0.246, பெருக்கினால் 74 சென்டிமீட்டர்." ஆற்றில் மிதக்கும் தக்கை மாதிரி, காற்று குண்டைத் தூக்கிக்கொண்டு போகிறது என்ற எண்ணம். இது உண்மையானால் 40 மி.மீ. துளையில் எவனும் சுடவே முடியாது. உண்மை விடை 11 சென்டிமீட்டர் சொச்சம்.

மீதி இரண்டு பேர் இன்னொரு வழி போவார்கள். "குண்டின் பக்கவாட்டுப் பரப்பை எடு, 3 மீ/வி காற்றின் அழுத்தத்தைப் போடு, விசை கண்டுபிடி." கேட்க ரொம்ப நியாயமாக இருக்கும். ஆனால் அந்த விசை மிக மிகக் குறைவு. அது 11 சென்டிமீட்டர் நகர்த்தவே நகர்த்தாது. அப்படியானால் எங்கிருந்து வந்தது இந்த 11?

பைக்கில் வேகமாகப் போகும்போது பக்கவாட்டிலிருந்து காற்று வீசினால் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். காற்று நம் காதில் நேராக வந்து அடிப்பதில்லை. முன்னாலிருந்து, கொஞ்சம் சாய்ந்து, முகத்தில் அடிக்கிறது. வண்டியின் வேகமும் காற்றின் வேகமும் சேர்ந்த சார்பு வேகம் அது. குண்டுக்கும் அதேதான். அது உணர்வது 240 மீ/வி எதிர்க்காற்று, அதோடு 3 மீ/வி பக்கக் காற்று. இரண்டும் சேர்ந்தால் நேர் எதிரிலிருந்து வெறும் 0.72 டிகிரி சாய்ந்த ஒரே காற்று. பாவாடை போன்ற வால் பகுதி இருப்பதால் குண்டு தன் மூக்கை அந்தச் சாய்ந்த காற்றை நோக்கியே திருப்பி வைத்துக்கொள்கிறது. காற்றுமானியில் உள்ள சேவல் போல.

இப்போது அந்த 38 மடங்கு இழுவை எந்தத் திசையில் இருக்கும்? நேர் பின்னால் அல்ல. 0.72 டிகிரி சாய்ந்து பின்னால். அந்தச் சாய்வினால் இழுவையில் ஒரு சிறு பங்கு பக்கவாட்டுக்குப் போய்விடுகிறது. 374-ஐ 3/240-ஆல் பெருக்குங்கள்: 4.7 மீ/வி². புவியீர்ப்பில் ஏறக்குறைய பாதி! குண்டைப் பக்கவாட்டில் கொண்டுபோவது இதுதான். காற்று தள்ளவில்லை நண்பர்களே, சாய்ந்து இழுக்கிறது. எக்ஸ்டர்னல் சார் கேட்டால் இந்த வரியைச் சொல்லுங்கள், அடுத்த கேள்வி வராது.

இதையே சூத்திரமாக்கியவர் 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு பீரங்கி அதிகாரி திதியோன். தருவிப்பு நான்கே வரி, நம் அளவுக்குப் புரிவதுதான். காற்றோடு சேர்ந்து நகரும் ஒரு பலூனில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் காற்றே இல்லை. எல்லாம் அசையாமல் நிற்கிறது. குண்டு மட்டும் சற்றுச் சாய்வாக, காற்று வரும் திசையை நோக்கிப் புறப்படுகிறது. அசையாத காற்றில் இழுவை என்பது போகும் பாதைக்கு நேர் எதிரே மட்டும்தான். ஆகவே குண்டு அந்த நேர்கோட்டிலேயே போகும். 50 மீட்டர் தாண்டும்போது உங்கள் பார்வையில் அது காற்றை எதிர்த்துப் போன தூரம் 3 × (50/240). அதற்குள் உங்கள் பலூன் காற்றோடு போன தூரம் 3 × 0.246. தரையில் நிற்பவனுக்கு இந்த இரண்டின் வித்தியாசம்தான் விலகல்.

விலகல் = காற்றின் வேகம் × (உண்மையில் பறந்த நேரம் − இழுவையே இல்லாவிட்டால் பறந்திருக்கும் நேரம்)

நம் குண்டுக்கு 0.246 − 0.208 = 0.038 நொடி. அதை 3-ஆல் பெருக்கினால் 114 மி.மீ. அடைப்புக்குள் இருப்பது பறந்த நேரம் அல்ல, தாமதமான நேரம். அதாவது காற்றினால் குண்டு எவ்வளவு லேட்டாக வந்ததோ, அதுக்குத்தான் அபராதம்!

இந்தச் சூத்திரத்தில் ஒரு வேடிக்கை பாருங்கள். குண்டுக்குப் பின்னால் ஒரு குட்டி எஞ்சின் வைத்து, இழுவைக்குச் சரிசமமாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் தாமதம் பூஜ்யம். விலகலும் பூஜ்யம். பக்கவாட்டில் எவ்வளவு காற்று வீசினாலும் நேராகப் போகும். இன்னும் பலமாகத் தள்ளி வேகம் கூடிக்கொண்டே போனால், தாமதம் மைனஸில் போகிறது. காற்று வரும் திசையை நோக்கியே திரும்பும். கதை இல்லை இது. வழிநடத்தும் கருவி இல்லாத ஆய்வு ராக்கெட்டுகள் எரியும்போது காற்றை எதிர்த்துத்தான் திரும்புகின்றன. அதனால்தான் ஏவும் முன் காற்றை அளந்து ஏவுதளத்தின் கோணத்தை மாற்றி வைக்கிறார்கள்.

வெவ்வேறு தூரத்துக்கு அதே 3 மீ/வி காற்றில் நம் குண்டின் விலகல் இதோ:

10 மீட்டர் – 4 மி.மீ.
25 மீட்டர் – 27 மி.மீ.
50 மீட்டர் – 114 மி.மீ.
100 மீட்டர் – 511 மி.மீ.

தூரம் இரண்டு மடங்கானால் விலகல் நான்கு மடங்குக்கும் மேல் போகிறது. 10 மீட்டர் வரியை மறுபடி பாருங்கள். ஒலிம்பிக் இலக்கில் பத்துப் புள்ளி என்பது வெறும் 0.5 மி.மீ. பொட்டு; வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ. இதில் 4 மி.மீ. போனால் பதக்கம் போச்சு. கூரைக்குள் ஏன் வைத்தார்கள் என்று இப்போது விளங்கும்.

50 மீட்டர் வரியை 3-ஆல் வகுத்தால், ஒவ்வொரு 1 மீ/வி காற்றுக்கும் 38 மி.மீ. ஃபீல்டு டார்கெட் துளையின் ஆரம் 20 மி.மீ. அப்படியானால் துளையின் நடுவில் அச்சுப்பிசகாமல் குறி வைத்தாலும், அரை மீ/வி காற்றை கவனிக்காமல் விட்டால் குண்டு துளையின் விளிம்புக்குப் போய்விடும். அரை மீ/வி என்பது என்ன? ஊதுபத்திப் புகை சாயும்; முகத்தில் ஒன்றும் தெரியாது. பியூஃபோர்ட் அளவில் அது 1ஆம் எண். அந்தக் காற்றைக் கண்டுபிடிப்பவன் ஜெயிக்கிறான், மற்றவன் மூட்டையைக் கட்டுகிறான்.

வேகமா, எடையா?

இது டீக்கடை வாதம். "வேகமா போற குண்டுக்குக் காத்து பிடிக்க நேரம் இருக்காதுடா" என்பது ஒரு கட்சி. "கனமான குண்டு அசையாது" என்பது இன்னொரு கட்சி. 16 ஜூல் வரம்புக்குள் கணக்குப் போட்டால் தீர்ப்பு தெரியும். 0.67 கிராம் குண்டை அதே ஆற்றலில் சுட்டால் வேகம் 217 மீ/வி தான். 50 மீட்டருக்கு 0.264 நொடி எடுக்கிறது, முன்னதைவிட அதிகம். ஆனால் இழுவை அதை அவ்வளவாகத் தாமதப்படுத்துவதில்லை, தாமதம் 0.033 நொடி. விலகல் 100 மி.மீ. மெதுவாகப் போகிற குண்டு குறைவாக விலகுகிறது! வேகக் கட்சிக்காரர்களுக்கு இது கசக்கும்.

உடனே எடைக் கட்சி துள்ள வேண்டாம். 5.5 மி.மீ. விட்டத்தில் 1.03 கிராம் குண்டை, ஏறக்குறைய இரண்டு மடங்கு எடையை, எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஆற்றலில் வேகம் 175. அதே வடிவம், அதே இழுவைக் குணகம் என்று வைத்துப் போட்டால் விலகல் 120 மி.மீ. கனம் கூடியும் விலகல் குறையவில்லை, கொஞ்சம் கூடியிருக்கிறது. பரப்பும் கூடிவிட்டதல்லவா! அதோடு அரை வினாடிக்குக் கிட்டேகூட இல்லாத நேரத்தில் அது புவியீர்ப்பினால் விழும் தூரம் அரை மீட்டருக்கு மேல். சின்னக் குண்டுக்கு 30 செ.மீ.தான். தூரத்தைக் கணிப்பதில் சிறு பிசகு வந்தாலும் மேலே கீழே போய்விடும். ஃபீல்டு டார்கெட்காரர்கள் பெரும்பாலும் 4.5 மி.மீ.யையே பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

என்.சி.சி. நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சுடும் .22 ரைஃபிளிலும் இதே கதை உண்டு. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இழுவைக் குணகம் திடீரென்று ஏறுகிறது. அதனால் ஒலியைத் தாண்டிப் புறப்படும் அதிவேகத் தோட்டாவைவிட, ஒலிக்குச் சற்றுக் கீழே புறப்படும் பந்தயத் தோட்டா காற்றில் குறைவாக விலகும். பந்தய வீரர்கள் மெதுவான தோட்டாவைத் தேடி வாங்குவதன் ரகசியம் இது. ஏர் ரைஃபிளிலும் சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் கூட்டி 300 மீ/வி தாண்டினால் டயபோலோ குண்டு தடுமாற ஆரம்பிக்கும். அந்த வடிவம் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

இன்னொன்று: ஊட்டி மாதிரி 2200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே அதே 3 மீ/வி காற்றில் நம் முதல் குண்டு விலகுவது 114 அல்ல, சுமார் 90 மி.மீ. மலைக்காற்று மனுஷனுக்கு மட்டுமல்ல, குண்டுக்கும் நல்லது!

எந்தத் திசை, எந்த இடம்?

துப்பாக்கிக்காரர்கள் திசையைக் கடிகாரத்தை வைத்துச் சொல்வார்கள். இலக்கு 12 மணி, நமக்குப் பின்னால் 6 மணி. 3 மணி, 9 மணிக் காற்று முழு விலகலைத் தரும். 12 மணியிலிருந்து நேர் எதிரே 3 மீ/வி வீசினால்? கணக்குப்படி குண்டு சுமார் 3 மி.மீ. கீழே இறங்கும், அவ்வளவுதான். அதனால் எதிர்க்காற்றைப் பலரும் அலட்சியம் செய்வார்கள்.

அங்கேதான் ஆபத்து. பக்கவாட்டுப் பங்கு சைன் கோணத்தைப் பொறுத்தது. பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் சைன் மிக வேகமாக மாறும் என்பது நமக்குத் தெரியும். 1 மணித் திசைக் காற்று 30 டிகிரிதான் சாய்ந்திருக்கிறது, ஆனால் விலகல் பாதி வந்துவிடும். எதிர்க்காற்று இந்தப் பக்கம் 20 டிகிரி, அந்தப் பக்கம் 20 டிகிரி என்று மீன் வாலை ஆட்டுவது போல ஆடினால், குண்டு இடது 39 மி.மீ., வலது 39 மி.மீ. என்று மாறி மாறிப் போகும். மொத்தம் 78 மி.மீ., துளையைப் போல இரண்டு மடங்கு! பக்கவாட்டில் ஒரே சீராக வீசும் பலத்த காற்றைவிட, இந்த மீன்வால் காற்று மோசம். சீரான காற்றுக்குத் தள்ளிக் குறி வைக்கலாம். இதற்கு எந்தப் பக்கம் தள்ளுவது?

அடுத்து, காற்று எந்த இடத்தில் வீசுகிறது என்பது. பலர் இலக்கின் பக்கத்தில் அசையும் புல்லையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கேதானே குண்டு மெதுவாகப் போகிறது, அங்கேதானே காற்று அதிகம் பிடிக்கும் என்ற நினைப்பு. பாதி சரி. மெதுவாகப் போகும் இடத்தில் பாதை அதிகமாக வளைகிறது என்பது உண்மை. ஆனால் துப்பாக்கி முனைக்குப் பக்கத்தில் விழுந்த சிறு கோணப் பிசகு, மீதி 50 மீட்டரும் விரிந்துகொண்டே போகிறது. இலக்குக்கு முன் 5 மீட்டரில் விழுந்த பிசகுக்கு விரிய இடமே இல்லை. இரண்டையும் சேர்த்துத் தொகையீடு செய்தால், நம் குண்டுக்கு முதல் 25 மீட்டரில் வீசும் காற்று தரும் பங்கு 72 சதவீதம். பின்பாதிக்கு மீதி 28. இரண்டு இடத்திலும் காற்று ஒன்றுக்கொன்று எதிராக வீசினால் முன்பாதிக் காற்று சொல்வதையே கேட்க வேண்டும்.

ஃபீல்டு டார்கெட் வீரர்கள் பேரல் முனையில் ஒரு நூலோ சிறு இறகோ கட்டி வைத்திருப்பார்கள். அழகுக்கு என்று நினைத்தால் தப்பு; அந்த 72 சதவீதத்தின் ஆரம்பம் அங்கேதான். உலகத் துப்பாக்கி சுடும் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி 50 மீட்டர் மைதானங்களில் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் துணிக் கொடிகள் நடப்படுகின்றன. முதல் கொடி வீரருக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதைக் கவனியுங்கள்.

வானிலைச் செய்தியில் "காற்று 5 மீ/வி" என்று கேட்டுவிட்டுக் கணக்குப் போடலாமா? கூடாது. வானிலைக்காரர்கள் அளப்பது தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில். பவுண்டரி லேயர் பாடம் ஞாபகம் இருக்கிறதா? தரையை ஒட்டிக் காற்று பூஜ்யம், மேலே போகப் போகக் கூடும். திறந்த புல்வெளியில் ஒரு மீட்டர் உயரத்தில் அந்த வேகத்தில் சுமார் 60 சதவீதம்தான் இருக்கும். படுத்துச் சுட்டால் இன்னும் குறைவு. பள்ளத்தின் மேல் குறுக்கே சுட்டால் குண்டு தரையிலிருந்து வெகு உயரத்தில் போகிறது. உங்கள் முகத்தில் பட்ட காற்றைவிட அங்கே அதிகம் இருக்கும். வேலியோ புதரோ இருந்தால் அதன் பின்னால் சுழல். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிற காற்று எல்லோருக்கும் தெரியும், சுழலில் புல் நுனி திரும்புவதைப் பார்ப்பதற்குத்தான் கண் வேண்டும்.

இதோடு ஒரு சின்னச் சங்கதி. வலப்பக்கமாகச் சுழலும் பேரல் உள்ள .22 ரைஃபிளில், இடமிருந்து வரும் காற்று குண்டை வலப்பக்கம் மட்டுமல்ல, சற்றுக் கீழேயும் தள்ளும். வலமிருந்து வந்தால் இடமும் சற்று மேலும். சுழலும் பம்பரத்தின் கைரோஸ்கோப் குணம் அது. காற்றுள்ள நாளில் சுட்ட அட்டையில் ஓட்டைகள் 10 மணிக்கும் 4 மணிக்கும் இடையே சாய்ந்த கோடாக விழுந்திருந்தால், துப்பாக்கியில் கோளாறு என்று பிரித்துப் போட்டுவிடாதீர்கள்.

கணக்கைத் தெரிந்தவர் களத்தில் என்ன செய்கிறார்? ஒன்று, காற்று ஒரு நிலைக்குத் திரும்பி வரும்வரை காத்திருக்கிறார். நேர வரம்பு இருப்பதால் ரொம்பக் காத்திருக்கவும் முடியாது. இரண்டு, தள்ளிக் குறி வைக்கிறார். ஸ்கோப்பில் மில் புள்ளிகள் இருந்தால் 50 மீட்டரில் ஒரு மில் என்பது 50 மி.மீ.; நம் 114 மி.மீ.க்கு இரண்டே கால் மில் தள்ள வேண்டும். கவனியுங்கள், துளைக்கு வெளியே, சில சமயம் இரும்பு உருவத்துக்கே வெளியே குறி வைத்து ட்ரிகரை அழுத்த வேண்டும். இதற்குக் கண் மட்டும் போதாது, கணக்கின் மேல் நம்பிக்கை வேண்டும். புதியவர்கள் பாதி மில் தள்ளிவிட்டு மனசு கேட்காமல் நடுவுக்கே வந்துவிடுவார்கள்.

ஊர்ப்பக்கம் ஏர்கன் வைத்துக்கொண்டு கொக்கு, மடையான், புறா என்று திரியும் நண்பர்களுக்கும் இந்த எண்கள் பொருந்தும். ஒரு கொக்கின் உயிர்நிலை ஒரு கைக்குள் அடங்கும். 50 மீட்டரில், இலை சலசலக்கும் காற்றில், குண்டு போய் விழும் இடம் அதிலிருந்து 11 சென்டிமீட்டர் தள்ளி. பறவை சாகாது, சிறகு ஒடிந்து எங்கோ புதரில் கிடந்து இரண்டு நாள் துடிக்கும். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வழக்கு வரும் என்பதெல்லாம் அப்புறம். தப்பின குண்டு எங்கே போச்சு என்று யாரும் தேடுவதுமில்லை. 100 மீட்டருக்கு அப்பாலும் அதற்கு 125 மீ/வி வேகம் மிச்சம் இருக்கிறது, ஒரு கண்ணுக்கு அது ரொம்ப அதிகம். காகித அட்டையும் பின்னால் ஒரு மண் மேடும் இருந்தால் இதே கணக்கை நிம்மதியாகச் சரிபார்க்கலாம்.

துப்பாக்கியே இல்லாதவர்களுக்கு லேப்பிலேயே ஒரு சோதனை. ஒரு பெடஸ்டல் ஃபேனைப் பக்கவாட்டில் வையுங்கள். டேபிள் டென்னிஸ் பந்து ஒன்று, ஏறக்குறைய அதே அளவில் ஒரு இரும்புக் குண்டு. இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து ஃபேன் காற்றுக்குக் குறுக்கே விடுங்கள். கீழே மணல் தட்டு. இரண்டும் காற்றில் இருக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றே, சத்தத்தைக் கேட்டாலே தெரியும். காற்று தக்கை மாதிரித் தூக்கிக்கொண்டு போகிறது என்ற கட்சி சரியானால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் விழ வேண்டும். விடுவதற்கு முன் மணலில் எது எங்கே விழும் என்று ஆளுக்கு ஒரு குச்சி நட்டுவிட்டு விடுங்கள். ஸ்டூல் மேல் ஏறும்போது ஃபேன் ஒயரில் கால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.